தலைமை மாறும் வேளை

மாணவர் ஒருவர் தம் பரீட்சைக் கட்டணத்தைக் கைப்பேசி வாயிலாகச் செலுத்துகிறார். சில விநாடிகளுக்குள், "பணம் பெறப்பட்டது" என்னும் சொற்கள் திரையில் தோன்றுகின்றன. அவற்றைக் கண்டதும் அவர் கவலை நீங்கி வேறு வேலையைக் கவனிக்கச் சென்றுவிடுகிறார். அவருக்கு அவ்வாறு உறுதி கூறியது யார்? எங்கோ தொலைவிலுள்ள ஒரு சர்வர். அச்சர்வர் மறுகணமே பழுதுற்று நின்றுவிடுமாயின் அது கூறிய உறுதி என்னாகும்? அதன் இடத்துக்கு வரும் வேறொரு சர்வர் அவ்வுறுதியை அறிந்திருக்குமா? இக்கேள்விகளுக்கு இயன்றவரை விடை கூறுவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

முக்கியமான கணக்குகள் எவையும் இக்காலத்தில் ஒரே யந்திரத்தை நம்பி வைக்கப்படுவதில்லை. ஒரே தரவுத்தளம் மூன்று, ஐந்து எனப் பல சர்வர்களிற் பிரதி செய்யப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று தலைமைச் சர்வர். ஏனையவை பிரதிச் சர்வர்கள். படிப்பதற்குப் பெரும்பாலும் எதனிடமும் செல்லலாம். எழுதுவதற்கோ தலைமைச் சர்வரிடமே செல்லல் வேண்டும். இக்கட்டுப்பாடு எதற்கெனில், ஒரே கணக்கை இருவர் ஒரே வேளையில் வெவ்வேறு ஏடுகளிலே திருத்துவாராயின், எத்திருத்தம் முந்தியது, எது பிந்தியது என்பதைப் பின்னர் எவராலும் அறுதியிட்டுக் கூறுதல் அரிது. எழுதும் கை ஒன்றாயிருப்பின் வரிசையும் ஒன்றாயிருக்கும். பல தலைமைகளை அனுமதிக்கும் முறைகளும் உண்டு. அவற்றின் தொல்லைகள் வேறு வகையின. ஈண்டு அவற்றை விட்டுவிடுவோம்.

தலைமைச் சர்வர் தன்பால் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் லாக் என்னும் குறிப்பேட்டில் வரிசையாகக் குறித்துவரும். பிரதிகள் அக்குறிப்பேட்டை வரிவரியாகப் பெற்று, அதே வரிசையில் தம்மிடமும் அம்மாற்றங்களைச் செய்துகொள்ளும். ஆகவே, ஒரு பிரதி எந்நிலையில் உள்ளது என்று கேட்டால், குறிப்பேட்டின் எத்தனையாவது வரிவரை வந்திருக்கிறது என்பதே விடையாகும்.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் உளது. "பெறப்பட்டது" என்று தலைமைச் சர்வர் பயனருக்கு எப்பொழுது விடையளித்தல் வேண்டும்? தன் குறிப்பேட்டில் எழுதியவுடனேயா? அன்றிப் பிரதியும் எழுதிக்கொண்டது என்று அறிந்த பின்னரா? முன்னதில் விரைவு உண்டு. ஆயின், விடையளித்த பின்பு, பிரதிக்குச் செய்தி சென்றடையுமுன் தலைமை அழியுமாயின், கூறிய உறுதி பொய்த்துவிடும். பின்னதில் உறுதி உண்டு. ஆயின் ஒவ்வொரு முறையும் காத்திருத்தல் வேண்டும். அக்காத்திருப்பு எவ்வளவு என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் செல்லும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே சுமார் 4,000 கிலோமீட்டர். செய்தி போவதற்கு 20 மில்லிவிநாடி. விடை திரும்புவதற்கு 20. ஆக 40 மில்லிவிநாடி. எவ்வளவு பொருள் செலவிட்டு எவ்வளவு வலிய யந்திரத்தை வாங்கி வைத்தாலும் இத்தூரம் குறையப்போவதில்லை. நாற்பது மில்லிவிநாடி கண்ணிமைக்கும் பொழுதினும் சிறிதே. எனினும், ஒரு பக்கத்தைத் தயாரிக்கும் பொருட்டு ஒரு மென்பொருள் ஒன்றன்பின் ஒன்றாய் 50 முறை அக்கரையிலுள்ள தரவுத்தளத்தை நாடுமாயின், அதுவே 2 விநாடியாகிவிடும். இக்கணக்கை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னர்ப் பயன்படும்.

இவ்விரு முறைகளுக்கும் நடுவான வழியொன்றை மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளம் 2010ஆம் ஆண்டில் வெளிவந்த தன் 5.5ஆம் பதிப்பிற் புகுத்தியது. ஒரு பிரதியேனும் "பெற்றேன்" என்று கூறும்வரை தலைமை காத்திருக்கும். ஆனால் எவ்வளவு நேரம்? வேறு ஏற்பாடு செய்யாவிடில் 10 விநாடி. அதற்குள் விடை வாராதாயின், காத்திருத்தலைக் கைவிட்டுத் தன்னந்தனியே எழுதத் தொடங்கிவிடும். முன்பிருந்த உறுதி இப்பொழுது இல்லை என்பதைப் பயனருக்கு அது தெரிவிப்பதுமில்லை. வேலை நின்றுவிடலாகாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது, தவறென்று சொல்வதற்கில்லை. எனினும் இதனை அறியாமல் நிம்மதியாயிருப்பவர் பலர்.

நிற்க. இனித் தலைமையை மாற்றும் முறையைக் காண்போம். யந்திரத்தைப் புதுப்பித்தல், மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றுதல் முதலிய காரணங்களுக்காக நாமே நாளும் வேளையும் குறித்துக்கொண்டு மாற்றுவது ஒரு வகை. எதிர்பாராப் பழுதினால் மாற்ற நேர்வது மற்றொரு வகை. முன்னதை ஸ்விட்ச்ஓவர் என்றும், பின்னதை ஃபெயில்ஓவர் என்றும் வழங்குவர்.

முன்னது பொறுமையுள்ளவர்க்கு எளிது. முதலிற் பழைய தலைமையில் எழுதுவதை நிறுத்தி, அதனைப் படிப்பதற்கு மட்டும் உரியதாக்குவர். பின்னர் அதன் குறிப்பேட்டின் கடைசி வரி எதுவென்று பார்த்து, தலைமை ஏற்கவிருக்கும் பிரதி அவ்வரியை வந்தடையும்வரை காத்திருப்பர். வந்தடைந்த பின்னரே அதனைத் தலைமையாக்கி, எழுதுவோரை அதன்பால் திருப்பிவிட்டு, பழையதைப் புதியதற்குப் பிரதியாக அமர்த்துவர். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில், பிரதி தலைமை ஏற்கும் ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டுக்குப் புதிய காலவரிசை எண் ஒன்று இடப்படுகிறது. ஆதலின் எவ்வரி எத்தலைமையின் கீழ் எழுதப்பட்டது என்பதிற் குழப்பம் நேராது. இவ்வளவுக்கும் எழுதுதல் நிற்பது சில விநாடிகளே ஆகலாம். ஆனால் வரிசையை மாற்றி, புதியதைத் தலைமையாக்கிய பின்பு பழையதை நிறுத்திக்கொள்ளலாம் என்று எண்ணினால், அச்சில விநாடிகளுக்குள் இரண்டும் எழுதிவிடும். அவசரக்காரர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேதான்.

பின்னது கடினமானது. தலைமைச் சர்வரிடமிருந்து விடை வரவில்லை. அஃது இறந்துவிட்டதா? அல்லது, அது நலமாயிருக்க, இடையிலுள்ள கம்பி அறுந்ததா? தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மௌனத்தைக் கொண்டு மரணத்தைத் துணிதல் இயலாது. ஆயினும் துணியாமல் எத்துணை நேரம் இருப்பது? ஆதலின் ஒரு காலவரம்பு வைத்து முடிவு செய்கின்றனர். மாங்கோடிபி என்னும் தரவுத்தளம், வேறு ஏற்பாடில்லையாயின், 10 விநாடி மௌனத்துக்குப் பின் புதிய தேர்தலைத் தொடங்கும்.

தேர்தல் என்ற சொல்லை உவமையாகக் கூறவில்லை. உண்மையாகவே வாக்கெடுப்பு நிகழ்கிறது. மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று என்று பெரும்பான்மை பெற்றதே தலைமையாகும். ஒரே கூட்டத்தில் எவ்விரு பெரும்பான்மைகளை எடுத்துக்கொண்டாலும் இரண்டிலும் பொதுவான உறுப்பினர் ஒருவரேனும் இருந்தே தீர்வர்; அவர் ஒரு தவணையில் ஒரு முறையே வாக்களிப்பாராதலின், ஒரே தவணையில் இருவர் தேர்ந்தெடுக்கப்படுதல் இயலாது. லெஸ்லி லாம்போர்ட் என்னும் அறிஞர் 1998இல் வெளியிட்ட பாக்ஸோஸ் என்னும் முறை இத்துறையில் முன்னோடியானது. கற்பதற்குக் கடினமானதென்று பெயர் பெற்றதும் அதுவே. எளிதில் விளங்குதலையே ஒரு நோக்கமாகக் கொண்டு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டியாகோ ஒங்காரோ, ஜான் ஔஸ்டர்ஹவுட் என்னும் இருவர் 2014இல் ராஃப்ட் என்னும் முறையை வெளியிட்டனர். மாணவருலகம் அவர்களுக்கு நன்றி செலுத்தக் கடமைப்பட்டுள்ளது.

புதிய தலைமை தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது. பழையதன் செய்தி என்ன? கம்பி அறுந்து தனித்திருக்கும் அது, தேர்தல் நடந்ததையே அறியாது. தன்னிடம் வருவோருக்கு இன்னமும் "பெறப்பட்டது" என்று கூறிக்கொண்டிருக்கும். இந்த இரட்டைத் தலைமையே எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது. புதியதற்கு முடிசூட்டுதல் ஒரு கட்டளையில் முடியும் காரியம். பழையது பதவியை விட்டதென்று உறுதி செய்தலே அரிய காரியம். அதற்குச் சில உபாயங்கள் உள. போஸ்ட்கிரெஸுக்குத் துணைசெய்யும் பட்ரோனி என்னும் மென்பொருள், தலைமைப் பதவியைக் குத்தகைபோல் வழங்குகிறது. வழக்கமான அமைப்பிற் குத்தகைக் காலம் 30 விநாடி. அதற்குள் புதுப்பிக்க இயலாத தலைமை தானாகவே பதவியிறங்கிவிடும். வேறு சிலர், ஐயத்துக்குரிய சர்வரின் மின்சாரத்தையே துண்டித்துவிடுவர். "மற்றையதைத் தலையிற் சுடு" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து இதற்கு ஸ்டோனித் என்று பெயரிட்டிருக்கின்றனர். பெயர் கொடிதாயினும் செயல் நியாயமானதே.

இவை யாவும் நன்கறிந்தோர் நடத்தும் நிலையங்களிலும் இடர் நேர்வதுண்டு. மென்பொருள் எழுதுவோர் தம் நூல்களைச் சேமித்துவைக்கும் பெரும் பண்டசாலையாகிய கிட்ஹப் நிறுவனத்தில் 2018ஆம் ஆண்டு நேர்ந்ததை அந்நிறுவனமே விரிவாக வெளியிட்டிருக்கிறது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், உலகப் பொது நேரம் 22:52 மணிக்கு, அமெரிக்கக் கிழக்குக் கரையிற் பழுதடைந்துவந்த ஒளியிழைக் கருவியொன்றை மாற்றும் வேலை நடந்தது. அவ்வேளையில் அங்குள்ள வலையமைப்பு மையத்துக்கும் முதன்மைத் தரவு மையத்துக்கும் இடையே தொடர்பு அறுந்தது. 43 விநாடிகளில் மீண்டது. ஆனால், ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்னும் காவல் மென்பொருள் அதற்குள் தன் கடமையைச் செய்துவிட்டது. துண்டிக்கப்பட்ட மையத்துக்கு வெளியேயிருந்த அதன் உறுப்புகள் ராஃப்ட் முறைப்படி பெரும்பான்மை கூடி, மைஎஸ்க்யூஎல் தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றின.

விதிப்படி பார்த்தால் தேர்தலிற் குற்றமில்லை. ஆயினும் ராஃப்ட் காத்தது காவலரின் தீர்மானத்தையே, பயனரின் வரிகளையன்று. ஒவ்வொரு வரியையும் பெரும்பான்மைச் சர்வர்கள் ஏற்ற பின்பே உறுதி கூறும் அமைப்பாயிருந்தால், தேர்ந்தெடுக்கப்படும் புதிய தலைமையிடம் அவ்வரிகள் தவறாமல் இருந்திருக்கும். இங்கோ கிழக்கில் எழுதப்பட்ட கடைசி விநாடிகளின் வரிகள் சில மேற்கை எட்டவில்லை. தொடர்பு மீண்டவுடன் புதிய எழுத்துக்கள் மேற்கிலே குவியத் தொடங்கின. ஆக, கிழக்கிலுள்ளவை மேற்கில் இல்லை. மேற்கிலுள்ளவை கிழக்கில் இல்லை. தலைமையைத் திருப்பிக் கிழக்குக்குக் கொணர்ந்தால், மேற்கில் ஏறக்குறைய 40 நிமிஷம் பயனர் எழுதியது அழியும். மேற்கிலேயே விட்டுவைத்தால், கிழக்கில் இயங்கும் மென்பொருள்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் கண்டத்தைக் கடந்து சென்று திரும்பவேண்டும். முன்னர்க் கணக்கிட்ட அத்தாமதத்தை அவை தாங்கவில்லை.

பொறியியலார் தரவைக் காப்பதே முதற்கடமை என்று துணிந்தனர். நான்கு மணிக்கொரு முறை எடுத்துவைத்த காப்புப் பிரதிகளிலிருந்து பல டெராபைட் அளவுள்ள தரவைக் கிழக்கில் மீண்டும் ஏற்றி, அதன்மேல் மேற்கின் குறிப்பேட்டைப் பிரதி செய்து, இரண்டும் ஒத்த பின்னரே தலைமையைக் கிழக்குக்கு மீட்டனர். மறுநாள் 11:12 மணிக்குத் தலைமை திரும்பிற்று. தேங்கிய வேலைகள் யாவும் முடிந்தது 23:03 மணிக்கு. 43 விநாடித் துண்டிப்புக்கு 24 மணி 11 நிமிஷம் சேவை குன்றிற்று. அந்நேரம் முழுதும் அவர்கள் பெற்ற வசை சிறிதன்று. ஆயினும் அவர்கள் துணிந்தது சரியென்றே யான் கருதுகிறேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம். "பெறப்பட்டது" என்று தாமே கூறிய வரிகளை அழித்துவிட்டு யாரிடம் என்ன கேட்பது? பின்னர், ஒரு பிரதேசத்திலிருந்து மற்றொன்றுக்குத் தலைமையைத் தானாக மாற்றாதவாறு ஆர்க்கெஸ்ட்ரேட்டரைத் திருத்தியமைத்தனர்.

மேற்கை எட்டாத கிழக்கின் வரிகளை அவர்கள் எறிந்துவிடவில்லை. குறிப்பேடுகளோடு தனியே எடுத்துவைத்தனர். மிகுந்த வேலையுள்ள தொகுதிகளுள் ஒன்றில் அவை 954. அவற்றைப் பல குழுவினர் ஆராயத் தொடங்கினர். சிலவற்றைப் பயனர் தாமே மறுபடியும் எழுதிச் சேர்த்திருந்தனர். எஞ்சியவற்றுள் எவற்றை யந்திரத்தாலேயே ஒத்துச் சேர்க்கலாம், எவற்றுக்கு அவ்வப் பயனரைத் தேடிச் சென்று கேட்கவேண்டும் என்று ஒவ்வொன்றாய்ப் பிரித்தனர்.