செம்பூர்ப் பெண்ணின் ராசி

மும்பை மாட்டுங்காவிலுள்ள கிங்ஸ் சர்க்கிளில் சினிமாப் பேச்சு எழுந்தால், பழைய ஆட்கள் பிருத்விராஜ் கபூரில்தான் தொடங்குவார்கள். அந்தக் குடும்பம் மாட்டுங்காவில் வாழ்ந்தது என்பதில் அவர்களுக்கு இன்றும் பெருமை. ஆனால் ஷண்முகானந்தா அரங்க வாசலில் கச்சேரி முடிந்து காருக்குக் காத்திருக்கும் மாமிகளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பெயர் வித்யா பாலன்.

வித்யா கிங்ஸ் சர்க்கிள்காரர் அல்ல, செம்பூர்ப் பெண். ரயிலில் போனால் வடாலாவில் வண்டி மாற வேண்டும். அதனால் என்ன? பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு மாட்டுங்கா, சயான், செம்பூர் மூன்றும் ஒரே ஊர் மாதிரிதான். பூவும் வாழையிலையும் வாங்க மாட்டுங்கா, கச்சேரி கேட்க ஷண்முகானந்தா, வீடு செம்பூரில். 1979 ஜனவரி 1 அன்று பிறந்த வித்யா அப்படியொரு வீட்டில் வளர்ந்தவர். வீட்டில் பேசுவது தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. படித்தது செம்பூர் செயின்ட் ஆன்டனி பெண்கள் பள்ளியில். பிறகு செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் சமூகவியல்.

முதல் சம்பாத்தியம் 500 ரூபாய். ஒரு சுற்றுலா விளம்பரத்துக்காக மரத்தடியில் நின்று சிரித்ததற்குக் கிடைத்த கூலி என்று அவரே சொல்லியிருக்கிறார். அக்காவும் உறவுக்காரப் பெண்ணும் தோழியும் கூட வந்தார்களாம், ஆளுக்கு 500. அடுத்தது ஜீ டிவியில் 1995-இல் தொடங்கிய ‘ஹம் பாஞ்ச்’. ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் கதை. அதில் மூக்குக் கண்ணாடியோடு வரும் ராதிகா இவர்தான். தயாரித்தவர் ஏக்தா கபூர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடியும் வரும்.

சீரியல் ஓய்ந்தபின் இன்னொரு சீரியல் வாய்ப்பு தேடி வந்தது. வேண்டாமென்றார். சினிமாதான் என்று முடிவு செய்துவிட்டார். பெற்றோர் தடுக்கவில்லை, ஆனால் முதலில் படிப்பை முடி என்றார்கள். எம்.ஏ. படிக்கும்போதே மோகன்லாலுடன் ‘சக்ரம்’ என்ற மலையாளப் படம் கிடைத்தது. அதை நம்பி மேலும் பன்னிரண்டு படங்களுக்கு ஒப்பந்தமானார். ‘சக்ரம்’ பாதியில் நின்றது. நின்றதற்குக் காரணம் தயாரிப்பில் வந்த சிக்கல். பழி விழுந்தது புதுமுக நடிகையின் தலையில். ‘ராசியில்லாதவள்’ என்றார்கள். கையில் இருந்த படங்கள் ஒவ்வொன்றாக நழுவின.

தமிழிலும் அதே கதைதான். லிங்குசாமியின் ‘ரன்’ படத்தில் முதல் கட்டப் படப்பிடிப்பு முடிந்தபின் நீக்கப்பட்டார். அந்த இடத்துக்கு மீரா ஜாஸ்மின் வந்தார். ‘மனசெல்லாம்’ படத்தில் த்ரிஷா வந்தார். ஒரு தயாரிப்பாளர் நடந்துகொண்ட விதத்தால் ஆறு மாதம் கண்ணாடி பார்க்கவே மனமில்லாமல் இருந்ததாக வித்யா பிற்பாடு பேட்டிகளில் சொன்னார். இன்னொரு படத்திலிருந்தும் தூக்கிவிட்டார்கள் என்று தெரிந்த அன்று, மரைன் டிரைவிலிருந்து பாந்திராவரை கொளுத்தும் வெயிலில் அழுதுகொண்டே நடந்ததையும் சொல்லியிருக்கிறார். மும்பை தெரிந்தவர்களுக்குப் புரியும், அது மணிக்கணக்கான நடை.

நடிகன் படம் நின்றால் ‘நேரம் சரியில்லை’ என்போம். நடிகை படம் நின்றால் அவளுக்கே ராசியில்லை என்போம். திருமணமாகி வந்த வீட்டில் மாடு செத்தால் மருமகளைப் பழித்த அதே வாய்தான் இது. எத்தனை பெண்கள் இந்த ஒரு சொல்லோடு ஊர் திரும்பியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. வித்யாவுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது, கையில் படிப்பு இருந்தது. அதனால் காத்திருக்க முடிந்தது.

காத்திருந்த காலத்தில் விளம்பரப் படங்கள்தான் சோறு போட்டன. அவற்றில் பலவற்றை எடுத்த பிரதீப் சர்க்கார்தான் 2005-இல் ‘பரிணீதா’வை இயக்கினார். தயாரிப்பாளர் விது வினோத் சோப்ரா சம்மதிக்க மாதக்கணக்கில் சோதனைப் படப்பிடிப்புகள் நடந்தன. படம் வந்ததும் சிறந்த புதுமுகத்துக்கான ஃபிலிம்ஃபேர் விருது. ‘லகே ரஹோ முன்னாபாய்’, நம் ‘சந்திரமுகி’யின் மூலமான ‘மணிச்சித்ரத்தாழ்’ கதையை இந்தியில் எடுத்த ‘பூல் புலையா’, பால்கி இயக்கி இளையராஜா இசையமைத்த ‘பா’ என்று வரிசையாக வந்தன. நடுவில் உடையையும் உடம்பையும் கேலி செய்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு பொது இடங்களுக்குச் சேலையில் வரத் தொடங்கினார். இன்று அதுவே அவருடைய அடையாளம்.

2011 டிசம்பர் 2, சில்க் ஸ்மிதாவின் பிறந்தநாள். அன்று வெளியானது, அவர் வாழ்க்கையைத் தழுவிய ‘தி டர்ட்டி பிக்சர்’. தயாரித்தவர்களில் ஒருவர் அதே ஏக்தா கபூர். கண்ணாடி போட்ட ராதிகாவுக்கும் ‘சில்க்’குக்கும் இடையே பதினாறு ஆண்டுகள். அந்த வேடத்துக்காகப் பன்னிரண்டு கிலோ எடை கூட்டினார் வித்யா. தேசிய விருது வந்தது. தமிழ் சினிமா காசாக்கிய ஒரு பெண்ணின் வலியை, தமிழ் சினிமா வேண்டாமென்று அனுப்பிய ஒரு பெண் நடித்து வாங்கிய விருது அது.

அடுத்த ஆண்டு ‘கஹானி’. எட்டுக் கோடியில் எடுத்த படம் உலக அளவில் நூறு கோடியைத் தாண்டியது. போஸ்டரில் பெரிய நாயகன் யாரும் இல்லை. நிறைமாதக் கர்ப்பிணித் தோற்றத்தில் கொல்கத்தாத் தெருக்களில் அலையும் ஒரு பெண் மட்டுமே. நட்சத்திரங்களின் சொத்து மதிப்பு என்று பத்திரிகைகளில் உலவும் எண்களை நான் பொருட்படுத்துவதில்லை. ஒரு நடிகையின் பெயரை நம்பிப் போட்ட பணம் பத்து மடங்குக்குமேல் திரும்பியது. சம்பாத்தியம் என்றால் அதுதான்.

2012 டிசம்பர் 14 அன்று தயாரிப்பாளர் சித்தார்த் ராய் கபூருடன் பாந்திராவில் எளிமையாகத் திருமணம். அதன்பின் சில படங்கள் சறுக்கின. 2014-இல் பத்மஸ்ரீ. 2017-இல் ‘தும்ஹாரி சுலு’, விராரில் குடியிருக்கும் இல்லத்தரசி இரவு வானொலியில் பேசப் போகும் கதை. புறநகர் ரயிலில் தினம் நசுங்கும் பெண்கள் அந்தப் படத்தில் தங்களைப் பார்த்தார்கள். சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் அவர் கைக்கு நான்காவது முறையாக வந்தது.

2024-இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் பிறந்தநாளையொட்டி, ஆடை வடிவமைப்பாளர் அனு பார்த்தசாரதியோடு சேர்ந்து எம்.எஸ்ஸின் சேலை, கொண்டை, பொட்டு, இரட்டை மூக்குத்தி எல்லாம் அணிந்து புகைப்படங்கள் வெளியிட்டார். எம்.எஸ். பாடிய ஷண்முகானந்தாவைச் சுற்றி வாழ்பவர்களுக்கு அந்தப் படங்கள் எவ்வளவு நெருக்கமானவை என்று சொல்ல வேண்டியதில்லை.

வித்யா தமிழில் நடித்து முதலில் திரைக்கு வந்த படம் ‘நேர்கொண்ட பார்வை’. 2019 ஆகஸ்டில் வந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பது. அதிலும் அஜித்தின் மனைவியாகச் சில காட்சிகளில் வந்துபோகும் வேடம்தான். தமிழ் பேசத் தெரிந்த நாயகி கிடைப்பதில்லை என்று சொல்லும் இயக்குநர்களே, அவரை மையமாக வைத்து ஒரு முழுக் கதை எழுதிக்கொண்டு செம்பூர்ப் பெண்ணைப் போய்ப் பாருங்கள்.