நிறுத்தும்போது எஞ்சின் ஏன் அணைகிறது?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். இந்தச் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் குறையேதுமின்றி ஓடிவரும் கார் ஒன்று, திருக்கழுக்குன்றத்துக்குள் நுழைந்து, முன்னே நிற்கும் பேருந்தின் பின்னால் நிற்கப் போகும் அந்தக் கணத்தில் அணைந்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் உடனே கிளம்புகிறது. அடுத்த நிறுத்தத்தில் மறுபடியும் அணைகிறது. கார் வைத்திருப்போர் பலரும் கண்ட தொல்லைதான் இது. பாரத்தை இழுக்கும்போது சளைக்காத எஞ்சின், வேலையே இல்லாதபோது ஏன் மயங்கி விழ வேண்டும்?

வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓய்வெடுக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதற்கு மிகவும் இக்கட்டான நேரம் அதுவே. மெக்கானிக்குகள் 'ஐடிலிங்' என்று சொல்லும் இந்நிலையில் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 முறை சுழல்கிறது. தன் உராய்வைத் தானே வெல்வதற்கு வேண்டிய அளவு மட்டும் பெட்ரோல் எரிகிறது. கையிருப்பு என்று ஒன்றுமில்லை. ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரத்தில் சேர்ந்துள்ள இயக்க ஆற்றல் இருக்கிறதே என்று கேட்கலாம். அது சுழற்சி வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருப்பது. 4000 சுற்றில் இருப்பதில் 25-இல் ஒரு பங்குதான் 800 சுற்றில் இருக்கும். ஆகவே விரைந்து ஓடும்போது ஒரு சிலிண்டர் ஓரிரு முறை பற்றத் தவறினால் நமக்குத் தெரிவதே இல்லை. ஐடிலிங்கில் அதே தவறு அரை விநாடிக்குள் எஞ்சினை நிறுத்திவிடும்.

வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்வரை சக்கரங்களும் எஞ்சினைச் சுழற்றித் துணை செய்கின்றன. கிளட்சை மிதித்ததும் அந்தத் துணையும் போய்விடுகிறது. இன்றைய கார்களில் இன்னொன்றும் உண்டு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன், சிக்கனத்திற்காக, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பெட்ரோல் பாய்ச்சுவதை அடியோடு நிறுத்திவிடுகிறது. சுற்று ஓரளவு குறைந்த பிறகே மீண்டும் தொடங்குகிறது. விழுகிற எஞ்சினைச் சரியான நேரத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். தாங்குவதற்கு வேண்டிய காற்று அப்போது கிடைக்கவில்லையென்றால் விழுந்ததுதான்.

காற்று என்றதும் விஷயத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம். கால் எடுத்ததும் த்ராட்டில் தட்டு ஏறத்தாழ முழுதாக மூடிக்கொள்கிறது. பிஸ்டன்கள் உறிஞ்சுகின்றன, காற்று வர வழியில்லை. எனவே மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 1.2 லிட்டர் எஞ்சினைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை உறிஞ்சுவதால், 800 சுற்றில் நிமிடத்திற்கு 480 லிட்டர் கொள்ளளவு நிரம்புகிறது. ஆனால் அது மூன்றில் ஒரு பங்கு அடர்த்தியுள்ள காற்று. வெளிக்காற்றின் கணக்கில் 160 லிட்டர்தான்.

இப்போது மேனிஃபோல்டோடு இணைந்த ரப்பர் குழாய் ஒன்றில் 2 மில்லிமீட்டர் துளை விழுந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளழுத்தம் வெளியழுத்தத்தில் பாதிக்கும் கீழே இருப்பதால், அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தையே எட்டிவிடும். பாம்பு சீறுவதுபோல ஓசை கேட்பது இதனால்தான். இவ்வழியே நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 லிட்டர் காற்று திருட்டுத்தனமாக நுழையும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது சரியான எடை விகிதம். 160 லிட்டருக்கென்று அளந்த பெட்ரோலோடு 190 லிட்டர் காற்று கலந்தால் விகிதம் 17-ஐத் தாண்டும். அந்தக் கலவை சில சுற்றுகளில் பற்றும், சிலவற்றில் பற்றாது.

த்ராட்டிலை முழுதும் திறந்து 4000 சுற்றில் ஓட்டினால் என்ன ஆகும்? எஞ்சின் அப்போது நிமிடத்திற்கு 2400 லிட்டர் விழுங்கும். உள்ளும் புறமும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவதால் துளை வழியாகக் காற்று நுழைவதே அரிது. எஞ்சின் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரத்தில்தான் கசிவு மிகவும் பலமாக இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்து "வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது" என்று திருப்பித் தரும் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை, அவ்வளவே.

என் சக ஆசிரியர் ஒருவரின் பழைய கார்புரேட்டர் காருக்குப் பிளக்குகள் மாற்றினார்கள், பெட்ரோல் பம்பு மாற்றினார்கள், பயனில்லை. அவர் கவனித்துச் சொன்ன ஒரு செய்திதான் வழிகாட்டியது: கைபிரேக்கால் நிறுத்தினால் அணைவதில்லை, கால் பிரேக்கை மிதித்தால்தான் அணைகிறது. பிரேக் மிதியின் பளுவைக் குறைக்கும் சர்வோ என்னும் உறுப்பு மேனிஃபோல்டின் வெற்றிடத்தால் இயங்குவது. அதன் உள்சவ்வு கிழிந்திருந்தால், மிதிக்கும்போதெல்லாம் காற்று எஞ்சினுக்குள் பாயும். சோதனை எளிது. நியூட்ரலில், கைபிரேக் போட்டு, எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது மிதியை அழுத்திப் பிடியுங்கள். சுற்று தடுமாறினாலோ, மிதியருகே சீறல் நீடித்துக் கேட்டாலோ சந்தேகம் உறுதிப்படும். எஞ்சினை நிறுத்தி, மிதி கெட்டியாகும்வரை பலமுறை மிதித்து, அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்பினால் மிதி சற்றுத் தாழ வேண்டும். தாழாவிட்டால் சர்வோவுக்கு வெற்றிடம் போய்ச் சேரவில்லை.

வண்டலூரை அடுத்து 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்புரேட்டர் கார். அதே ஜி.எஸ்.டி. சாலையில், மறைமலை நகரில், 2022 வரை இயங்கிய ஃபோர்டு ஆலையின் கார்களில் பெட்ரோலைப் பாய்ச்சுவது இன்ஜெக்டர். இந்த மாற்றத்தால் நோயின் குறியும் மாறிவிட்டது. உள்ளே வரும் காற்றை வாயிலில் அளக்கும் கார்களில், அளவையைத் தாண்டிப் புகும் கசிவு பழையபடியே எஞ்சினை அணைக்கும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து பெட்ரோல் கொடுக்கும் கார்களில் கசிவுக் காற்றுக்கும் சேர்த்தே பெட்ரோல் கிடைத்துவிடும். ஐடிலிங் அணைவதற்குப் பதிலாக ஏறும். நம் சாலைகளின் சிறு கார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. அவை நிற்கும்போது அணைந்தால் முதலில் பார்க்க வேண்டியது த்ராட்டில் தட்டின் விளிம்பில் படியும் கரி. எண்ணெய் ஆவியும் தூசும் சேர்ந்து, நூலிழை போன்ற அந்த இடைவெளியை அடைத்துவிடுகின்றன. ஏ.சி. போட்டால் மட்டும் அணைகிறது என்றாலும் இதையே முதலில் ஐயுறலாம். கம்ப்ரசரின் பளுவுக்கு ஈடுகொடுக்கக் கூடுதல் காற்று வேண்டுமல்லவா?

கடற்கரையோர வண்டிகளுக்கு உப்பு ஒரு தனி எதிரி. உப்புப் படலம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது; பாட்டரியின் எர்த் கம்பி பாடியைத் தொடும் இடத்தில் துரு ஏறுகிறது. 0.05 ஓம் மின்தடை அற்பமாகத் தோன்றும். ரேடியேட்டர் விசிறியும் விளக்குகளும் சேர்ந்து 40 ஆம்பியர் கேட்டால் அங்கே 2 வோல்ட் வீணாகும். ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுழலும் ஐடிலிங் நேரத்தில் இந்த இழப்பு இன்னும் உறுத்தும். பானட்டைத் திறந்ததும் கம்பி முனைகளில் பச்சை, வெள்ளைப் பூப்புகள் தெரிந்தால் சுரண்டித் துடைத்து இறுக்குவதற்குச் செலவு எதுவுமில்லை.

உருண்டுகொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிட்டால் என்ன செய்வது? சர்வோவில் எஞ்சிய வெற்றிடம் இரண்டொரு மிதிக்குத்தான் வரும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே மிதியாக உறுதியாய் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்டியரிங் கனக்கும்; பயப்படாமல் பலம் கொடுத்துத் திருப்பலாம். வண்டி நிற்கும்வரை சாவியை உருவக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். திருக்கழுக்குன்றம் போன்ற ஊர்களின் நெரிசலில், ஆள் குறுக்கே வரும்போது இது தெரியாமற்போனால் விபத்துதான்.

த்ராட்டிலைத் துடைத்த பின் சில கார்களில் ஐடிலிங் திடீரென உயர்ந்து நிற்கும். கரியோடு வாழப் பழகிய கட்டுப்பாட்டுப் பெட்டி, பழைய கணக்கின்படியே தட்டைக் கூடுதலாகத் திறந்து வைப்பதால் வருவது அது. சிலவற்றில் கொஞ்ச தூரம் ஓட்டினால் தானாகச் சரியாகும். மற்றவற்றில் பட்டறையில் கருவியை இணைத்துப் புதிய நிலையைப் பதிய வைக்க வேண்டும்.