விளம்பர ஒப்பந்தம் போட்டு மாட்டிக்கிட்டீங்களா? சிபில் ஸ்கோர் கெடாம வெளியே வருவது எப்படி?

உக்கடத்தில் ஒரு பேட்டரி கடை என்று வைத்துக்கொள்வோம். "ஆன்லைன்ல உங்க கடைதான் முதல்ல வருமுங்ணா" என்று சொன்னதை நம்பி, ஒரு வருஷ விளம்பரத்துக்குக் கையெழுத்து போட்டாச்சு. மாசம் 4,000 ரூபாய். வியாபாரமோ டல். உடனே பலரும் செய்வது, வங்கிக் கணக்கைக் காலியாக வைத்துவிடுவது. அதுதான் தப்பு.

செக் திரும்பினால் 1881-ம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு பாயும். ஆட்டோ டெபிட் திரும்பினாலும் 2007-ம் ஆண்டு சட்டப்படி அதே கதைதான்: 2 ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள் கட்டிவிட்டால் வழக்கு வராது.

சரி, சிபில்? விளம்பர கம்பெனி கடன் கொடுக்கும் நிறுவனம் இல்லை. அதனால் நேரடியாக சிபிலுக்குப் புகார் அனுப்ப முடியாது. ஆனால் கிரெடிட் கார்டு இஎம்ஐயிலோ, பைனான்ஸ் கடனிலோ பணம் கட்டியிருந்தால் கதை வேறு. விளம்பரமே வராவிட்டாலும் கடன் கடன்தான். அது முடியும்வரை தவணையை விடாதீங்க.

நேரடி ஒப்பந்தம் என்றால், ரத்து விதியைப் படித்துவிட்டு இமெயிலில் எழுதுங்கள். அதன்பிறகே வங்கியில் ஆட்டோ டெபிட்டை நிறுத்துங்கள். நிறுத்தினாலும் ஒப்பந்தம் தானாக ரத்தாகாது என்பதை மறக்க வேண்டாம். "மீதி முழுசும் கட்டணும்" என்று மிரட்டினால் பயப்படத் தேவையில்லை. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். அதைச் சொல்லியே பேரம் பேசலாம். பேசி முடித்ததும் 'பாக்கி இல்லை' கடிதம் வாங்கிடுங்க. கடனாக இருந்தால் சிபிலில் 'செட்டில்டு' அல்ல, 'குளோஸ்டு' என்று வர வேண்டும். தவறாகப் பதிவானால் புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.