குடித்த மூளை எதைத் தின்கிறது?

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. அதன் முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். மது அருந்திய ஒருவரின் மூளையைப் பெட் ஸ்கேனில் பார்த்தால் குளுக்கோஸ் செலவு சட்டென்று சரிந்திருக்கிறது. ஆனாலும் அவர் விழித்திருக்கிறார், பேசுகிறார், நடக்கவும் செய்கிறார். அப்படியென்றால் மூளை எதைக் கொண்டு இயங்குகிறது?

விடை கல்லீரலில் தொடங்குகிறது. கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடாகவும், பிறகு அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலத்தின் இன்னொரு வடிவம்தான் இந்த அசிட்டேட். இதில் பெரும்பகுதியைக் கல்லீரல் தானே வைத்துக்கொள்ளாமல் ரத்தத்தில் விட்டுவிடுகிறது. மூளை அதை எடுத்து எரிக்கிறது! ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் 2013இல் இரண்டையும் அளந்து காட்டினார்கள்: போதையில் குளுக்கோஸ் பயன்பாடு குறைய, அசிட்டேட்டை உள்வாங்குவது கூடுகிறது. அதே ஆண்டு யேல் பல்கலைக்கழக ஆய்வு, அதிகம் குடிப்பவர்களின் மூளை மற்றவர்களுடைய மூளையைவிட அசிட்டேட்டைக் கூடுதலாக எடுத்து எரிப்பதைக் கண்டது. குடிக்கக் குடிக்க, மூளை இந்த மாற்று உணவுக்குப் பழகிக்கொள்கிறது.

இனி, அப்படிப் பழகிய ஒருவர் குடியை நிறுத்துகிறார். சில மணி நேரத்தில் அசிட்டேட் வரத்து நின்றுபோகிறது. குளுக்கோஸ் பயன்பாடோ உடனே பழைய நிலைக்கு வருவதில்லை. அது தேறுவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு என விலகல் அறிகுறிகள் தோன்றுகின்றன. நரம்புகளை அடக்கும் ரசாயனச் சமநிலை குலைவதுதான் இவற்றுக்கு முக்கியக் காரணம். அதனுடன் ஆற்றல் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ‘மனவுறுதி இல்லாதவன்’ என்று வீட்டார் ஏசுவது பெரும்பாலும் குடியை நிறுத்திய இந்த முதல் வாரத்தில்தான். அப்போது அவருக்கு மருத்துவரின் துணை வேண்டும். தனியாக, திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

பற்றாக்குறை உண்மையென்றால், வேறு எரிபொருள் கொடுத்தால் என்ன? கொழுப்பை மிகுதியாகவும் மாவுச்சத்தை மிகக் குறைவாகவும் உண்டால் உடலில் கீட்டோன்கள் உருவாகும். மூளை அவற்றையும் எரிக்கும். கொரிண்டே வீர்ஸ், வோல்கோவ் உள்ளிட்டோர் 33 குடிநோயாளிகளிடம் இதைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். கீட்டோன் உணவு உண்டவர்களுக்கு முதல் வாரத்தில் விலகல் அறிகுறிகளுக்கான மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. குடிக்கும் ஏக்கமும் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், வீட்டில் செய்துபார்க்கும் வைத்தியமும் அல்ல. என்றாலும் குடிநோய்க்கு உணவின் வழியாக ஒரு கதவு திறக்கலாம் என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது.

எரிபொருள் இருந்தால் மட்டும் போதாது. குளுக்கோஸை எரிக்கத் தயமின் என்ற வைட்டமின் பி1 கட்டாயம் தேவை. குடிப்பழக்கம் அதைக் குடல் உறிஞ்சுவதையே கெடுக்கிறது. குடிப்பவர் ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை. 1881இல் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே மூவரிடம் கண்ட ஒரே மூளைநோயை விவரித்தார்: தள்ளாட்டம், குழப்பம், கண் அசைவில் கோளாறு. இருவர் குடிகாரர்கள். மூன்றாமவர் கந்தக அமிலம் குடித்த ஓர் இளம் தையல்காரப் பெண். வயிறு வெந்து, உணவு தங்காமல் போனவர். குடிநோய் இல்லாதவருக்கும் அதே சேதம் நேரக் காரணம் தயமின் பஞ்சம் என்பது பின்னாளில்தான் புரிந்தது. தயமின் வறண்டுபோன மூளைக்குக் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் தீர்ந்து நோய் முற்றக்கூடும். அதனால்தான் குடிநோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றும் மருத்துவர்கள், அதற்கு முன்போ அதனுடனோ தயமின் ஊசியைப் போட்டுவிடுகிறார்கள்.