பூநாரையும் நெல் வயலும்

கோடிக்கரை, பழவேற்காடு முதலிய கடலோர நீர்நிலைகளை அடுத்த கிராமத்தார் பூநாரையை நன்கு அறிவர். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் இப்பட்சியினால் பயிருக்குக் கேடு உண்டா என்று வயலுடையார் வினவுவது நியாயமே. அதற்கு விடை அது இரையெடுக்கும் விதத்தில் அடங்கியிருக்கிறது.

பெரிய ஜாதிப் பூநாரை மூன்றரை முதல் ஐந்தடி வரை உயரமுடையது. எடை இரண்டு முதல் நான்கு கிலோ. அதன் அலகு நடுவில் மடிந்து வளைந்திருக்கும். இரை தேடுகையில் தலையைக் கவிழ்த்து நீரில் அமிழ்த்துமாதலால், மேலலகு கீழாகவும் கீழலகு மேலாகவும் அமைகிறது. பருத்த நாக்கு பம்பின் பிஸ்டனைப்போல் விரைந்து அசைந்து நீரை உள்ளிழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற தகடுகள் சிற்றிறால், புழு, நத்தை, நீர்ப்பூண்டுகளின் விதை ஆகியவற்றைத் தடுத்து நிறுத்துகின்றன. சிறிய ஜாதியின் சல்லடை இன்னும் நுண்ணியது. அது பெரும்பாலும் பாசியையே வடித்து உண்ணும். இறகின் செந்நிறமும் இவ்வுணவிலுள்ள வர்ணப் பொருளால் வருவதே. அப்பொருளில்லாத தீனி கொடுத்துக் கூண்டில் வளர்த்தால் நிறம் வெளுத்துப்போம்.

ஆகவே, தேங்கிய நீரும் கலங்கிய சேறும் இன்றி இப்பட்சி பிழைக்கமாட்டாது. அடிச்சேற்றிலுள்ள இரை கிளம்பும்பொருட்டு, நாம் வயலில் தழை மிதிப்பதுபோல் அது நின்ற இடத்திலேயே காலால் மிதித்துச் சுற்றிவரும். பயிருக்குத் தீங்கு நேர்வது முக்கியமாக இம்மிதியினால்தான்.

பிரான்சு தேசத்தின் தெற்கே, ரோன் நதியின் கழிமுகமாகிய காமார்க் பிரதேசத்தில் இது தெளிவாய்த் தெரியவந்தது. அங்கே நாற்று நடும் வழக்கம் இல்லை. வசந்த காலத்தில் நீர் தேக்கிய வயலில் விதையைத் தெளிக்கின்றனர். 1978 முதல் பூநாரைகள் இரவில் இவ்வயல்களில் இறங்கலாயின. விதை சேற்றில் புதைந்தும் இளம்பயிர் பெயர்ந்தும் அழிந்தது. மொத்தச் சாகுபடியை நோக்க நஷ்டம் அற்பமெனினும், ஒரே வயலில் கூட்டம் இறங்கினால் அந்த வயலுடையவனுக்கு அது அற்பமாகுமா? வெடியும் விளக்கும் வைத்து ஓட்டினர். ஓட்டிய கூட்டம் அடுத்தவர் வயலில் இறங்கியது. பின்னர் ஆராய்ந்தபோது, சதுப்புக்கு அருகில் மரமின்றித் திறந்து கிடக்கும் பெரிய வயல்களே அதிகம் சேதமடைவதாகவும், ஓரத்தில் மரவேலியுள்ளவை பெரும்பாலும் தப்புவதாகவும் விளங்கிற்று. ஓடிய பின்னரே மேலெழும்பக்கூடிய பட்சியாதலால், அடைபட்ட இடத்தில் இறங்க அது அஞ்சுகிறதென்று கருதலாம்.

நம் பக்கத்தில் நட்ட பயிர் வேர்பிடித்து நிற்குமாதலால் கவலைக்கு இடம் குறைவு. உப்பங்கழியை அடுத்துச் சேற்று விதைப்புச் செய்வோர் மட்டும், முளைகட்டிய விதையைத் தெளித்தபின் நீரை வடித்துவிட்டு, முளை வேரூன்றிய பிறகே சிறிது சிறிதாக நீர் கட்டுவது நலம். நீரில்லாத சேற்றில் பூநாரை அலகை வைத்து என்ன செய்யும்? கழிப்பக்கத்து வெளிவரப்பில் பூவரசு வைத்தால் மறைப்புக்கும் ஆகும், தழையுரத்துக்கும் ஆகும். நிழல் பயிர்மேல் விழாதபடி ஆண்டுதோறும் கழிக்கவேண்டும்.

சேத அறிக்கை எழுதும் கிராம உத்தியோகஸ்தர் முதலில் அடிச்சுவட்டைப் பார்க்கவேண்டும். முன்விரல் மூன்றும் சவ்வினால் இணைந்து, வாத்தின் சுவட்டினும் மிகப் பெரிதாயிருந்தால் அது பூநாரையுடையது. மிதித்த இடத்தில், நடுவே மேடுள்ள வட்டப் பள்ளங்களும் காணப்படும். நாற்று அடியில் துண்டிக்கப்பட்டு வரப்பில் வளையும் இருந்தால் நண்டைச் சந்தேகிக்கவேண்டுமேயன்றிப் பட்சியையன்று.

இதைச் சுடுவதும் பிடிப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதன் பெருக்கம் மிக மந்தமானது. சேற்றைக் குவித்த மேட்டில் ஒரே முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் மாறிமாறி ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கின்றன. குஞ்சுக்கு இரண்டும் தம் தொண்டையில் ஊறும் செந்நிறப் பாலை ஊட்டுகின்றன. நீர் வற்றி நரி, நாய் நடந்து வரக்கூடுமானால் கூட்டம் முழுவதும் கூட்டைக் கைவிட்டுவிடும். கட்ச் தேசத்து ரண் உவர்ப்பரப்பில் ஸாலிம் அலி 1945இல் கண்ட இலட்சக்கணக்கான பறவைகளுக்கும், மழை போதாத வருஷம் குஞ்சில்லாத வருஷமே. காமார்க்கில் 1970இல் செயற்கைத் தீவொன்று அமைத்தும், 1974இல்தான் அங்கே முட்டையிடத் தொடங்கின. வளர்ந்த பறவையோ நெடுங்காலம் வாழ்வது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மிருகக்காட்சிசாலையில் 2014இல் இறந்த ஒன்றுக்கு வயது 83க்குக் குறையாதென்று கணித்தனர். எனவே வயலிலிருந்து விரட்டவேண்டின், விதைத்த சில வாரங்கள் மாத்திரம் அந்திக்குப்பின் ஆள் நடமாட்டம் வைத்து விரட்டலாம். உப்பளத்திலும் கழியிலும் நிற்கும் கூட்டத்தைக் கலைக்க எவருக்கும் காரணமில்லை.