மேட்டுப் பாத்தியும் எருக்கூடையும்

நெய்வேலி என்றதும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமே பலர்க்கும் நினைவிற்கு வரும். 1956ஆம் ஆண்டில் அங்கு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1961இல் முதன்முதலாகக் கரி வெளிப்பட்டது. அக்கரியை அடைய, அதன்மேற் படிந்துள்ள மண்ணையும் மணற்பாறையையும் பல பத்து மீட்டர் ஆழத்திற்கு வாரிக் கொட்டவேண்டும். அங்ஙனம் கொட்டிய மேட்டில் விதை தூவினால் எளிதிற் செழிப்பதில்லை. ஏன்? அடியிலிருந்து வந்த மண்ணில் மக்கு மிகக் குறைவு. மக்கை உண்டு வாழும் நுண்ணுயிர்களும் மிகச் சிலவே. ஆதலின், அம்மேடுகளில் மரம் வளர்க்க முற்பட்டோர் முதலில் எருவிட்டு மண்ணைப் பண்படுத்த வேண்டியதாயிற்று. மக்கு என்னும் சொல்லை இகழ்ச்சிக்கு வழங்குவோர், உழவர்க்கு அஃது எத்துணைச் செல்வம் என்பதை அறியார்.

நகரியத்து வீட்டுத் தோட்டங்களிலும் செம்மண்ணே மிகுதி. ஐப்பசி கார்த்திகை மழையில் அதன் சத்துக் கரைந்தோடும். சித்திரை வெயிலில் அது விரைந்து உலரும். இக்குறைகளைப் போக்க ஏற்றது, எருக்கூடையை நடுவிற் கொண்ட மேட்டுப் பாத்தி. ஆப்பிரிக்காவிலுள்ள லெசோத்தோ என்னும் மலைநாட்டில் இம்முறை பல சிற்றூர்களிற் பரவியுள்ளது. மேலிருந்து நோக்கின் பூட்டின் சாவித்துளை போலத் தோன்றுதலின், 'சாவித்துளைத் தோட்டம்' என அதனை வழங்குவர்.

இரண்டு மீட்டர் குறுக்களவில் வட்டம் கீறி, ஒருபுறத்தில் ஓர் ஆள் நடுவரை செல்லுமாறு குறுகிய வழி விடுக. நடுவில் மூங்கிற் சிம்புகளை நட்டு, ஒரு முழ அகலமுள்ள கூடை பின்னுக. விளிம்பிற் செங்கல் அடுக்கி இடுப்பளவு சுவர் எழுப்புக. அடியில் ஓட்டுத் துண்டும் சுள்ளியும் இட்டு, மேலே சருகு, சாணம், மண் என மாறி மாறிப் பரப்புக. முந்திரியும் பலாவும் நிறைந்த அவ்வட்டாரத்திற் சருகிற்கு என்ன பஞ்சம்! மேல்மண் கூடையருகே உயர்ந்தும் சுவரருகே தாழ்ந்தும் இருத்தல் வேண்டும்.

காய்கறித் தோலையும் வாடிய பூவையும் கூடையில் இட்டு, அரிசி கழுவிய நீரை ஊற்றிவருக. மண்புழுவும் நுண்ணுயிரும் அவற்றை மக்கச்செய்யும். சத்து நீர் பாத்தியெங்கும் கசிந்து வேரை அடையும். இதற்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். பண்டைக் காலத்தில் சதுப்பில் வீழ்ந்த மரங்கள், காற்றுப் புகாமையால் முழுதும் மக்காமற் கிடந்து, மண்ணின் அழுத்தத்தால் நாளடைவிற் கரியாயின. காற்றுப் புகுந்திருப்பின் நெய்வேலியிற் கரியே இராது! கூடையில் நீர் மிகுந்து நாறினால், உலர்ந்த சருகு சேர்த்துக் கிளறிவிட்டாற் போதும். இறைச்சியும் எண்ணெய்ப் பண்டமும் இடுதல் ஆகாது, எலி வந்துவிடும்.

புதுப் பாத்தியில் முதலிற் கீரை விதைத்தல் நன்று. சருகு மக்குந்தோறும் மண் தாழுமாதலின், ஆண்டுதோறும் கூடையின் அடியிற் கிடைக்கும் எருவை அள்ளி மேலே பரப்புக.