ஆர்.வி.யைக் குளிருக்கு மூடும் முன்: குழாயையும் பாருங்கள், பற்றுச்சீட்டையும் பாருங்கள்

தாங்ஸ்கிவிங் முடிந்ததும் ஒன்ராறியோப் பூங்காக்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும். சாண்ட்பாங்ஸிலோ அல்கொன்குயினிலோ கடைசி இரவைக் கழித்துவிட்டு வருகிற ஆர்.வி. நேரே சேமிப்பு வளாகத்துக்குப் போய்விடும். அதன்பிறகு ஏழு மாதம் அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மே மாதம் விக்டோரியா தின விடுமுறைக்கு ஆசையாகத் திறந்து தண்ணீரை விட்டால், அது சிங்கில் வராமல் கட்டிலுக்கு அடியிலிருந்து வருகிறது.

அந்தச் சேதத்துக்கு யார் பணம் தருவது? காப்புறுதி தரும் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொதுவாகக் காப்புறுதி திடீரென்று நேர்ந்த விபத்துக்குத்தான். தண்ணீர் உறைந்து குழாய் வெடித்தது, மரம் உக்கியது, பூஞ்சணம் பிடித்தது, எலி வயரைக் கடித்தது ஆகியவை பெரும்பாலான ஒப்பந்தங்களில் விலக்குப் பட்டியலில் இருக்கும். தயாரிப்பாளரின் உத்தரவாதமும் பராமரிப்புக் குறையால் வந்த பழுதுக்குப் பொறுப்பேற்காது. ஆகவே குளிருக்கு முந்திய வேலையைச் சரியாகச் செய்வதும், செய்ததற்குச் சான்று வைத்திருப்பதும் உங்கள் தலையில்தான் விழுகிறது.

முதலில் தண்ணீர். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். நீளமான பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். குழாய்கள் சேரும் முழங்கை இணைப்புகளும் வால்வுகளும் கொடுக்காது. மயிரிழை அளவு வெடிப்பு அங்கேதான் விழும். உறைந்திருக்கும் வரை அது கசியாது என்பதால் வசந்தம் வரும்வரை தெரியவும் தெரியாது.

நன்னீர்த் தொட்டியையும் கழிவுத் தொட்டிகளையும் வெறுமையாக்கி, வண்டியின் அடிப்பக்கத்திலுள்ள வடிகால் மூடிகளைத் திறந்து விடுங்கள். சுடுநீர்த் தொட்டி நன்றாக ஆறி, அழுத்தம் இறங்கிய பிறகுதான் அதன் மூடியைக் கழற்ற வேண்டும். சூட்டோடு கழற்றினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அந்தத் தொட்டியைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டே உறைதடுப்பு திரவத்தை ஏற்ற வேண்டும். வால்வை மறந்தால் சுமார் 23 லீற்றர் திரவம் வீணாகத் தொட்டிக்குள் போய்விடும். திருப்பிவிட்டால் பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு மூன்று பெரிய போத்தல் போதும். காற்றழுத்தத்தால் ஊதி வெளியேற்றுகிறவர்கள் 40 பி.எஸ்.ஐ.யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரவம் புரொப்பிலீன் கிளைகோல் கலந்ததாக இருக்க வேண்டும்; அது பொதுவாக இளஞ்சிவப்பு நிறத்தில் வரும். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகோல் நஞ்சு. அதைக் குடிநீர்க் குழாயில் ஏற்றுவது சிறு பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில் நஞ்சைக் கலப்பதுதான். போத்தலில் மைனஸ் 50 பாகை பாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய மைனஸ் 45 செல்சியஸ் என்று எழுதியிருக்கும். குழாய் வெடிக்காமல் காக்கும் எல்லை அது. குழாய்க்குள் மிச்சத் தண்ணீர் கிடந்து திரவத்தோடு கலந்தால் அந்த எல்லை சுருங்கிவிடும்.

பலரும் தவறவிடும் இடங்கள் சில உண்டு. வெளிப்பக்க ஷவர், கழிவறை வால்வு, வெளியிலிருந்து தண்ணீர் இணைக்கும் வாய், வடிகட்டி, ஐஸ் செய்யும் இயந்திரம், சிங்குகளுக்குக் கீழே வளைந்து போகும் கழிவுக் குழாய். ஒவ்வொரு குழாயிலும் சுடுநீர்ப் பக்கம், குளிர்நீர்ப் பக்கம் இரண்டிலும் இளஞ்சிவப்பு நிறம் வரும்வரை திறந்து பாருங்கள். கடையில் கொடுத்துச் செய்விப்பதானால் இதே பட்டியலைக் கையில் கொடுத்து, எதையெல்லாம் செய்தார்கள் என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘குளிர்காலத் தயார்நிலை’ என்று ஒற்றை வரி போட்டுத் தந்த பற்றுச்சீட்டு மே மாதத்தில் உங்களுக்கு ஒரு வாதத்தையும் தராது.

பற்றரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழுமையாக ஏற்றிய ஈய அமிலப் பற்றரி ஒன்ராறியோக் குளிரில் உறையாது. வற்றியது மைனஸ் 7 பாகை செல்சியஸிலேயே உறைந்து வெடிக்கலாம். லிதியம் வகையென்றால் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது. எதுவானாலும் கழற்றி வீட்டுக்கு எடுத்து வருவது நல்லது.

கூரை அப்படியல்ல. ஆர்.வி.யைக் கொல்லுவது பெரும்பாலும் இயந்திரக் கோளாறு அல்ல, கூரையில் காற்றுத்துளையைச் சுற்றிப் பூசிய பசையில் விழும் சிறு வெடிப்புத்தான். உள்ளே போகும் ஈரம் சுவரின் மரத்தை மாதக்கணக்கில் உக்க வைத்து, வெளிச்சுவர் கொப்புளம் போல் எழும்பும்போதுதான் வெளியே தெரியும். அதற்குள் திருத்தும் செலவு வண்டியின் விலையை எட்டிவிடக்கூடும். சில தயாரிப்பாளர்களின் கையேடுகள் 90 நாளுக்கு ஒருமுறை இந்தப் பசையைச் சோதிக்கச் சொல்கின்றன. சோதித்ததற்குப் பதிவு இல்லையென்றால் உத்தரவாதக் கோரிக்கையை மறுக்க அதுவே காரணமாகும். இலையுதிர்காலத்தில் ஏறிப் பார்த்து, திகதி விழும்படி கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பணம். இனிச் சொல்வது உயிர். புரோப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. இரண்டுக்கும் எச்சரிக்கைக் கருவிகள் உண்டு, ஆனால் அவற்றுக்கு ஆயுள் எல்லை இருக்கிறது. கருவியைக் கழற்றிப் பின்பக்கத்தில் அச்சிட்ட காலாவதித் திகதியைப் பாருங்கள். பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறது என்பதற்காக உள்ளிருக்கும் உணரி வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. குளிர்காலத்தில் பர்னர் குழாய்களில் சிலந்தி வலை பின்னினால் சுவாலை நீலத்திலிருந்து மஞ்சளாகும்; அதைக் கண்டால் உடனே அணையுங்கள். ஒன்ராறியோவில் காஸ் உபகரணங்களில் கைவைக்க, தொழில்நுட்பத் தரங்களையும் பாதுகாப்பையும் கண்காணிக்கும் டி.எஸ்.எஸ்.ஏ. அமைப்பின் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பர் வேண்டும். தெரிந்த அண்ணா ஒருவர் மலிவாகச் செய்து தருவார் என்றால் அவரிடம் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். கோபித்தாலும் பரவாயில்லை. கழற்றி எடுக்கும் சிலிண்டர்களுக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசோதனை வேண்டும். முத்திரைத் திகதி கடந்ததை நிரப்ப மாட்டார்கள்.

ரயரின் பக்கச்சுவரில் டி.ஓ.ரி. எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கங்கள்தான் அதன் பிறந்தநாள். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ட்ரெய்லர் ரயர்கள் தேய்ந்து முடியும் முன்பே முதுமையால் வெடித்துவிடுகின்றன. ஆகவே கோடுகள் ஆழமாக இருக்கின்றனவே என்று ஏமாற வேண்டாம்.

இரண்டாம் கையாக வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாதுகாப்புக் குறைபாட்டுக்காக நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைத்தால் அறிவித்தல் கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்குத்தான் போயிருக்கும். காஸில் ஓடும் குளிர்சாதனப் பெட்டிகள் தீப்பிடிக்கும் அபாயத்துக்காக 2006இல் டொமெடிக், 2010இல் நோர்கோல்ட் நிறுவனங்கள் வட அமெரிக்காவில் பெருமளவில் திரும்ப அழைத்தன. அந்தக் காலத்து வண்டிகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வண்டித் தயாரிப்பாளரிடம் வாகன அடையாள எண்ணையும் (வி.ஐ.என்.), உள்ளிருக்கும் உபகரணத் தயாரிப்பாளரிடம் தொடர் எண்ணையும் தனித்தனியே கொடுத்து விசாரியுங்கள். கனடா போக்குவரத்துத் துறையின் திரும்ப அழைப்புத் தரவுத்தளத்தையும் தேடிப் பாருங்கள்.

இனித் திருத்தகத்தோடு வரும் தகராறு. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மோட்டார் ஹோம் உரிமையாளருக்குத் தெளிவான உரிமைகளைத் தருகிறது. வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், எவ்வளவு தொகைவரை போகலாம் என்ற உங்கள் அனுமதியாவது இருக்க வேண்டும். மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூட்டிப் பில் போட முடியாது. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். புதிய பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. ரயர், பற்றரி, எண்ணெய் போன்றவை இதில் சேராது. உத்தரவாதக் காலத்தில் எங்கோ தொலைவில் வண்டி நின்றுவிட்டால் அருகிலுள்ள திருத்தகத்தில் சரிசெய்து, முதலில் செய்தவரிடம் பணத்தைக் கோரலாம். பழுதான பாகத்தை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

ஒக்டோபரில் செய்த வேலையின் 90 நாள் ஜனவரியிலேயே முடிந்துவிடுகிறது என்பதைக் கவனித்தீர்களா? குழாய் வெடித்தது மே மாதத்தில்தான் தெரியவரும். குளிர்கால வேலைக்கு, வசந்தத்தில் தண்ணீர் விட்டுச் சோதிக்கும்வரை தாம் பொறுப்பு என்று கடைக்காரரிடம் தனியே எழுதி வாங்குவது அதனால்தான் அவசியம். சட்டம் தரும் காலத்தைவிடக் கூடுதலாகத் தர அவருக்குத் தடையில்லை. எழுதித் தர மறுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் மேலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இயந்திரம் இல்லாததால் அது மோட்டார் வாகனமாகக் கணக்கில் வராது; மேலே சொன்ன திருத்தல் விதிகள் தானாகப் பொருந்தும் என்று நம்ப முடியாது. வாகன விற்பனையாளர்களைக் கண்காணிக்கும் ஓம்விக் அமைப்பின் பாதுகாப்பும் அப்படித்தான்: மோட்டார் ஹோமுக்கு உண்டு, ட்ரெய்லருக்கு இல்லை. கேட்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதுதான் வழி. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கியிருந்தால் எல்லாருடைய பெயரும் அதில் இருக்கட்டும்.

பில் தகராறில் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு தர மறுத்தால் சத்தம் போட்டுப் பயனில்லை. திருத்தியவருக்கும் சேமிப்பு வளாகத்துக்கும் பணம் வரும்வரை வண்டியை வைத்திருக்கும் உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது. அதே சட்டம் உங்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறது: கேட்கும் தொகையை நீதிமன்றத்தில் கட்டி வண்டியை மீட்டு, பிறகு வழக்காடலாம். வண்டியையே பொய் சொல்லி விற்றார்கள் என்றால் ஒப்பந்தம் செய்த ஓராண்டுக்குள் அதை ரத்துச் செய்வதாக அறிவிக்கலாம். நுகர்வோர் பாதுகாப்பு ஒன்ராறியோவில் முறைப்பாடு பதிய வழக்கறிஞர் தேவையில்லை.

சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தின் வரம்பு 2025 ஒக்டோபர் 1 முதல் 50,000 டொலர். சேதத்தைக் கண்ட நாளிலிருந்து வழக்குப் பதிய பொதுவாக 2 ஆண்டு அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல சான்று இருந்தாலும் கேட்க மாட்டார்கள்.